தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் காசநோய் மாத்திரை இலவசம்தான்

இருமல் வந்தால் காரைக்குடி, தேவகோட்டை பக்கத்தில் யாரும் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. முதலில் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரப். அப்புறம் சாயந்தரம் உட்காரும் தனியார் டாக்டர். கேட்கவில்லையென்றால்தான் பெரியாஸ்பத்திரி. (சாயந்தர டாக்டர் பல நேரம் காலையில் அங்கே பார்த்த அதே டாக்டர்தான், வேலை நேரம் போக மற்ற நேரத்தில் தனியாகப் பார்க்க நம் மாநிலத்தில் அனுமதி உண்டு.) ஆள் இப்படி மாறி மாறிப் போனாலும், அவருடைய சிகிச்சை விவரம் கூடவே போவதில்லை. காசநோயில் இது ஆபத்து. மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம்.

இதற்காகத்தான் 2012-இல், தனியாரும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. 2018-இல் லேப், மருந்துக் கடைகளையும் சேர்த்து, தெரிவிக்காவிட்டால் தண்டனை என்றும் சொன்னது. காசநோய் மருந்துகள், டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய, கூடுதல் கண்காணிப்புள்ள மருந்துகளின் 'எச்1' பட்டியலில் இருப்பதால், விற்ற விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாராவது புரட்டிப் பார்த்தால்தானே? தனியாரைச் சந்தேகத்தோடு பார்க்கும் அரசும், பதிவு என்றாலே தொந்தரவு என்று நினைக்கும் தனியாரும் இருக்கும்வரை சட்டம் பாதி வேலைதான் செய்யும்.

மீதிப் பாதி நோயாளியின் பயம். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் என் மேசையில் எக்ஸ்ரேவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கவர்மெண்ட்ல பேரைக் குடுத்துடாதீங்க டாக்டர், மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம்" என்றார். "அண்ணே, பேரு ஊருக்குப் போகாது. என்கிட்டயே காட்டுங்க, மாத்திரை மட்டும் அங்கேருந்து வரும்" என்றேன். அவர் சம்மதிக்கவில்லை, வாசலில் நின்ற அவர் மனைவிதான் ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்து நீட்டினார்.

வங்கிப் புத்தகம் எதற்கு என்கிறீர்களா? காசநோயாளிகளைப் பதியும் மத்திய அரசின் 'நிக்ஷய்' இணையதளத்தில் பதிவானால், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் 500 ரூபாய். மாத்திரையும் சளிப் பரிசோதனையும் இலவசம். டாக்டரை மாற்ற வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், சளியைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காசநோய் என்று வந்தால், "நிக்ஷய்ல பதிஞ்சாச்சா, நம்பர் என்ன?" என்று கேட்டு, உங்கள் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நடுவில் மதுரைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போனாலும், அந்த நம்பரைக் காட்டி அங்கேயே மாத்திரையைத் தொடரலாம்.