பழைய டிவிக்குள் செம்பு எங்கே, ஈயம் எங்கே?

2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போன 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். பரணில் கிடந்ததும் திண்ணையில் கிடந்ததும் போக, மீதி காயலான் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒரு பெட்டியின் எடை பத்து கிலோவை ஒட்டி இருக்கும். அதில் பாதிக்கு மேல் பிக்சர் ட்யூபின் கண்ணாடி. காசாகக்கூடிய செம்பு அரைக் கிலோவுக்கும் குறைவு. உடைப்பவர் தேடுவது அந்தச் செம்பை. ஆபத்து இருப்பதோ யாரும் திரும்பிப் பார்க்காத கண்ணாடியில்.

அதற்கு முன்னால் மின்சாரத்தைத் தீர்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் டிவிக்குள் இரண்டு இடங்களில் மின்னூட்டம் தங்கும். ஒன்று ட்யூப். அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கிராஃபைட் பூச்சு, நடுவில் கண்ணாடி. இரண்டு கடத்திகளுக்கு இடையே காப்புப் பொருள் இருந்தால் அது கெபாசிட்டர்தான். 14 அங்குல ட்யூபில் இதன் கொள்ளளவு ஏறக்குறைய 1 நானோஃபாரட். மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கு மேல். இன்னொன்று, போர்டில் மின்சாரம் நுழையும் பக்கம் கட்டைவிரல் பருமனில் நிற்கும் ஃபில்டர் கெபாசிட்டர். 100 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்பது போல அதன்மேலேயே அச்சிட்டிருக்கும்.

எல்லோரும் பயப்படுவது ட்யூபுக்கு. கணக்குப் போட்டால் கதை மாறுகிறது. 22,000 வோல்ட்டில் ட்யூபில் இருக்கும் ஆற்றல் கால் ஜூல்தான். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கினால் கிடைக்கும் 325 வோல்ட்டில் ஃபில்டர் கெபாசிட்டரில் இருப்பது 5 ஜூலுக்கு மேல், அதாவது இருபது மடங்கு. 'டெட் செட்' என்று வந்த டிவியில்தான் இது அதிகம் உறுத்தும். ஓடுகிற டிவியை அணைத்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே அந்த மின்னூட்டத்தை இழுத்துத் தீர்த்துவிடும். சப்ளை பகுதி செத்த டிவியில் ஃப்யூஸ் மட்டும் நன்றாக இருந்தால், கெபாசிட்டர் நிரம்பியிருக்கும். தீர்க்க ஆள் இருக்காது. போட்டுப் பார்த்துவிட்டு அப்போதே திறப்பவர்தான் அடி வாங்குவார்.

ட்யூபைத் தீர்க்க, பிடி நன்றாகக் காப்பிட்ட நீளமான ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் ஒரு வயரைக் கட்டி, அதன் மறுமுனையை ட்யூபின் முதுகில் கருப்புப் பூச்சைத் தொட்டபடி ஓடும் பின்னல் கம்பியில் கிளிப் போட வேண்டும். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, டிரைவர் நுனியை, ட்யூபின் முதுகில் தடித்த வயர் வந்து சேரும் வட்ட ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து உள்ளிருக்கும் உலோகக் கொக்கியைத் தொட வேண்டும். 'பட்' என்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் இருக்கலாம். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் தொட வேண்டும், ஏனென்றால் கண்ணாடிக்குள் ஊறிய மின்னூட்டம் மெல்ல வெளியே வந்து திரும்பச் சேரும். இவ்வளவும் செய்தாலும் ஃபில்டர் கெபாசிட்டர் தீராது; அது தனி சர்க்யூட். அதன் இரண்டு கால்களுக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைச் சில விநாடி வைத்து, மல்டிமீட்டரில் பார்த்துவிட வேண்டும். டிரைவரால் நேரடியாக ஷார்ட் செய்தால் பொறி பறக்கும், நுனி உருகும்.

அடுத்தது வெற்றிடம். 14 அங்குல ட்யூபின் முகப்பு ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் காற்று ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. உள்ளே எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லாததால், முகப்பு மட்டும் 600 கிலோவைத் தாங்கி நிற்கிறது. சுத்தியலால் அடித்தால் கண்ணாடி முதலில் உள்ளே பாய்ந்து, பிறகு எதிர்ப்பக்கம் தெறிக்கும். சுற்றியிருக்கும் இரும்புப் பட்டை இந்தத் தெறிப்பை அடக்கத்தான் இருக்கிறது. அதை முதலில் வெட்டி எடுப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

காற்றை உள்ளே விடச் சரியான இடம் கழுத்தின் கோடி. அங்கே செருகியிருக்கும் சிறிய போர்டை நேராக இழுத்து, பின்களைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், நடுவில் சிறுவிரல் நகமளவு கண்ணாடி முனை தெரியும். ஆலையில் காற்றை உறிஞ்சி அடைத்த வாய் அதுதான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டு, கழுத்தைத் தடித்த துணியால் சுற்றி, பிளையரால் அந்த முனையை ஒடித்தால் 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும். சத்தம் அடங்கிய பிறகு ட்யூப் வெறும் கண்ணாடிப் பாத்திரம்.

இனி செம்பு. பெரும்பகுதி, கழுத்தில் மாட்டியிருக்கும் யோக்கில், அதாவது எலெக்ட்ரான் கற்றையைத் திருப்பும் சுருள்தொகுதியில் இருக்கிறது. பின்பக்கக் கிளாம்ப் திருகைத் தளர்த்தாமல் யோக்கைப் பிடித்து இழுப்பதுதான் கழுத்து முறியக் காரணம். திருகைத் தளர்த்தி, முன்பக்கம் ஒட்டியிருக்கும் ரப்பர் ஆப்புகளைப் பிடுங்கி, இடமும் வலமுமாகத் திருகியபடி உருவினால் முழுதாக வரும். உள்ளே கற்றையை இடவலமாக நகர்த்தும் சேண வடிவச் சுருள்கள் தனித்தனியே கழன்றுவிடும். மேல்கீழாக நகர்த்தும் சுருள் பல செட்களில் ஃபெரைட் வளையத்தின்மேல் சுற்றப்பட்டிருக்கும். வளையம் இரண்டு பாதிகளாகக் கிளிப்பில் நிற்பது; கிளிப்பை நெம்பினால் போதும். ஃபெரைட் காந்தத்தில் ஒட்டும். அதை நம்பி இரும்போடு போட்டால் எடைக்காரர் பொறுக்கி எறிந்துவிடுவார்; அது பீங்கான் வகை, உருக்கி இரும்பாக்க வாங்குவதில்லை.

டிவியைப் போட்டதும் 'டுங்' என்று ஓர் அதிர்வு கேட்குமே, அது ட்யூபின் விளிம்பைச் சுற்றி ஓடும், திரையில் ஏறிய காந்தத்தன்மையைப் போக்கும் டீகாஸிங் காயில். கருப்பு டேப் சுற்றிய பெரிய வளையம். பார்க்கச் செம்புக் கட்டு மாதிரி இருக்கும், ஏமாறக்கூடாது. பிற்காலத்து செட்கள் பலவற்றில் இது அலுமினியக் கம்பி, வார்னிஷ் நிறத்தால் செம்பாகத் தெரிகிறது. பிளேடால் சுரண்டினால் வெள்ளையாக மின்னும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்துடையது 2.7, கையில் தூக்கினாலே பழகியவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மூட்டைச் செம்பில் இரண்டு அலுமினியக் காயில் கலந்தால் மொத்தமும் கலப்பட விலைக்கு இறங்கும்.

வயரை எரித்துச் செம்பு எடுப்பது இன்னும் நடக்கிறது. பி.வி.சி.யில் குளோரின் உண்டு. அரைகுறையாக எரியும் புகை குளிரும்போது, கம்பியிலிருக்கும் செம்பே வினையூக்கியாகி டையாக்ஸின்கள் உருவாக வழி செய்கிறது. இதற்கு நடுவே செம்பின் மேல்தோல் ஆக்ஸைடாகிக் கருத்து, தரமும் விலையும் குறைகிறது. ஒரு வயர் ஸ்ட்ரிப்பர் செய்யும் வேலைக்கு இத்தனை நஷ்டம் தேவையில்லை.

போர்டில் அலுமினிய ஹீட் சிங்க்குகளைத் திருகு கழற்றி எடுக்கலாம். மீதி, ஒற்றைப் பக்கப் பழுப்பு நிறப் பலகை. தங்கம் தேடி அமிலத்தில் போடுவது வீண். ட்யூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மரான இ.எச்.டி.யில் கொஞ்சம் செம்பு உண்டு, ஆனால் எபாக்ஸியில் புதைந்திருப்பதால் உடைக்கும் நேரத்துக்குக் கூலி தேறாது. ட்யூப் வைத்த பழைய கம்ப்யூட்டர் மானிட்டரும் இதே கட்டமைப்புதான். எல்.சி.டி. மானிட்டர் வேறு: பழைய மாடல்களில் திரைக்குப் பின்னால் இருக்கும் பென்சிலைவிட மெல்லிய குழல் விளக்குகளில் பாதரசம் உண்டு, உடையாமல் எடுக்க வேண்டும்.

இப்போது அந்தக் கண்ணாடி. வேகமாக வரும் எலெக்ட்ரான்கள் திரையில் மோதி நிற்கும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. அதைத் தடுக்கத்தான் ஈயம். புனல் வடிவப் பின்பகுதிக் கண்ணாடியில் ஈய ஆக்ஸைடு 22 சதவீதம் அளவில் இருக்கும். கழுத்தில் இன்னும் கூடுதல். முகப்பில் ஈயம் சேர்த்தால் நாளாவட்டத்தில் பழுப்பேறிப் படம் மங்கும் என்பதால், அங்கே பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் சேர்த்துக் கண்ணாடியைத் தடிமனாக்கினார்கள். ட்யூப் 5 கிலோ, அதில் மூன்றில் ஒரு பங்கு புனல் என்று வைத்துக்கொண்டால், ஈயம் மட்டும் 340 கிராம். கிடைக்கும் செம்புக்குக் கிட்டத்தட்டச் சமம்! ஆனால் அது கண்ணாடியின் வேதிக் கட்டமைப்பிலேயே கலந்தது. கரியோடு சேர்த்து உலையில் ஒடுக்கினால்தான் பிரியும்; அடுப்பில் முயன்றால் ஈயப் புகை மட்டும் மிஞ்சும். முழு ட்யூபில் ஈயம் அடங்கிக் கிடக்கும். நொறுக்கிக் குப்பைமேட்டில் கொட்டினால் பரப்பு பல மடங்காகி, அமிலத்தன்மையுள்ள குப்பை நீரில் கரையத் தொடங்கும். திரையின் உள்பக்கம் ஒளிர்வதற்காகப் பூசிய பாஸ்பர் தூளும் மூச்சில் போகக் கூடாதது.

பதிவு பெற்ற ஆலைகளில் முகப்பும் புனலும் சேரும் வரியில் நிக்ரோம் கம்பியைச் சுற்றிச் சூடேற்றி, சட்டென்று குளிர்விப்பார்கள். வெப்ப வேறுபாட்டில் கண்ணாடி அந்த வரியிலேயே விரியும். பாஸ்பரை வேக்குவம் வைத்து உறிஞ்சிவிட்டு, இரண்டு கண்ணாடியையும் தனித்தனியே அனுப்புவார்கள். ஒரு காலத்தில் ஈயக் கண்ணாடி புது ட்யூபுக்கே திரும்பிப் போனது. குஜராத்தின் பரூச்சில் இருந்த வீடியோகான் கண்ணாடி ஆலை வெளிநாட்டிலிருந்துகூட வாங்கியது. ட்யூப் டிவி உற்பத்தி நின்றதும் அந்த வழி அடைந்துபோனது. இப்போது ஈய உலைகள்தான் மிச்சம், அதற்கும் செலவு உண்டு.

மறுசுழற்சியாளர் அந்தச் செலவை ஈடுகட்டுவது இதே செம்பிலிருந்துதான். யோக்கை உருவிவிட்டு வெறும் ட்யூபைக் கொண்டுபோனால் சும்மா எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது கடினம். நாலைந்து டிவி சேர்ந்தால் முழுதாகவே, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவு உள்ளவரிடம் பேரம் பேசுவது நல்லது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதுவரை ட்யூபுகளை மழை படாத இடத்தில், திரைப்பக்கம் கீழே சாக்கின்மேல், கழுத்து மேலே இருக்கும்படி ஒரே அடுக்காக வைக்க வேண்டும்.