வெள்ளம் வடியும்வரை கியூவில் கிடக்கும் கடிதம்

2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடான மாதிரி ஒரு கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, மெயில் சேர்வர் அணைந்து கிடக்கிறது. வவுனியாவிலிருந்து நீங்கள் அந்தக் கந்தோருக்கு அனுப்பிய விலைமனு எங்கே? தொலையவில்லை. உங்கள் பக்கத்துச் சேர்வரின் கியூவில், அதாவது காத்திருப்பு வரிசையில்தான் கிடக்கிறது.

எதிர்ச் சேர்வர் பதில் எண்ணாக 550 என்று சொன்னால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரியே இல்லை; கடிதம் உடனே திரும்பும். 4இல் தொடங்கும் எண் வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, 'பிறகு பார்ப்போம்' என்று கியூவுக்குப் போகும். மெயில் சேர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் சுமார் 5 நிமிடத்தில் திரும்ப முயலும். கடிதத்தின் வயது ஏற ஏற இடைவெளியும் நீளும், ஆனால் 4000 செக்கனைத் தாண்டாது. 5 நாளாகியும் சேரவில்லையென்றால், கைவிட்டு அனுப்பியவருக்குத் திருப்பிவிடும். மெயில் அனுப்புவதற்கான பொது விதிமுறையும் குறைந்தது 4, 5 நாள் பொறுக்கத்தான் சொல்கிறது.

பொறுமை சரி. எனக்குப் பிடிக்காதது அந்த மௌனம். முகவரியில் ஓர் எழுத்து பிழைத்து, மெயிலே வாங்காத வேறொரு டொமைனுக்குப் போனாலும் இதே கதைதான்: 5 நாளும் சத்தமில்லை, விலைமனு முடிவுத் திகதி போய்விடும். 'இன்னும் சேரவில்லை' என்று இடையில் சொல்லும் எச்சரிக்கை போஸ்ட்ஃபிக்ஸில் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதை 4 மணித்தியாலத்துக்கு வைத்துவிடுங்கள். இன்னொரு மெயில் சேர்வர் மென்பொருளான சென்ட்மெயிலில் அது வழமையான அளவு.

'சேரவில்லை' என்று அனுப்பியவருக்குப் போகும் அறிவித்தல்களுக்குக் கியூவில் தனி ஆயுள் உண்டு, அதுவும் 5 நாள்தான். ஸ்பாம்காரர் அனுப்பியவர் இடத்தில் போட்ட பொய் முகவரிகளுக்குப் போகும் அறிவித்தல்கள் சும்மா கியூவை அடைத்துக்கொண்டு கிடக்கும். நான் அதை ஒரு நாளாக்கிவிடுவேன்.

வெள்ளம் நீடிக்கும் என்று தெரிந்தால், கடிதங்களின் ஆயுளை 10 நாளாக்கி போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யலாம். ஏற்கனவே காத்திருப்பவைக்கும் அது பொருந்தும், ஏனென்றால் ஒவ்வொரு முயற்சி தோற்றதும்தான் வயதைப் பார்க்கிறது. திரும்பிப்போனதை மட்டும் மீட்க முடியாது.

சரி, அணைந்தது உங்கள் சேர்வரென்றால்? அப்போது கடிகாரம் அனுப்புபவரின் கையில். அவர் மைக்ரோசொஃப்டின் மெயில் சேர்வரான எக்ஸ்சேஞ்ச் வைத்திருந்தால், மாற்றாதவரை 2 நாள்தான். அதனால் கொழும்பிலோ வேறெங்கோ இரண்டாவது சேர்வர் ஒன்றை டிஎன்எஸ்ஸில் (எந்த டொமைனின் மெயில் எந்தச் சேர்வருக்கு என்று சொல்லும் பதிவேட்டில்) பதிந்து வைப்பது நல்லது. முதலாவது எழும்பும்வரை கடிதங்களை அது வாங்கி வைத்திருக்கும். அதன் கியூவில் எத்தனை நாள் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.