ரேண்டம் என்றால் தற்செயல் அல்ல

‘தற்செயல் முறையில் 60 மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.’ ரேண்டம் (random) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் ‘தற்செயல்’ என்று போட்டு எழுதும் வரி இது. நீலகிரிக் கல்லூரிகளில் இளநிலை உளவியல் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுகிறவர்கள் இதைக் கண்டால் உடனே அடிக்க வேண்டும். மொழி பிழை என்பதோடு, ஆய்வே பிழையாகி விடுகிறது.

ரேண்டம் என்பதன் வேர் பழைய பிரெஞ்சு. கட்டுக்கடங்காத பாய்ச்சல் என்று பொருள். ஆங்கிலத்தில் குறியில்லாமல் நடப்பதைக் குறித்து, பிறகு புள்ளியியலுக்குள் வந்தது. அங்கே பொருள் நேர்மாறாகி விட்டது. யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, முடிவை மனிதக் கையிலிருந்து பிடுங்கிவிடும் ஏற்பாட்டுக்கு இப்போது அந்தப் பெயர்.

தற்செயல் என்பது யாரும் ஏற்பாடு செய்யாமல் தானாக நேர்வது. ஊட்டி பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டவர்களிடம் படிவத்தை நீட்டினால் அது தற்செயல். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் ஆட்களின் தொகுப்பைக் கூறு என்பார்கள். அந்த முறையில் எடுத்த கூறுக்கு ஆய்வுநூல்களில் தனிப் பெயரே உண்டு: வசதிக் கூறு, அல்லது தற்செயல் கூறு. ஆக, ரேண்டமுக்கு எதிரான முறையின் பெயரை எடுத்து ரேண்டமுக்கே சூட்டுகிறார்கள். விபத்து, வாய்ப்பு, ரேண்டம் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தச் சொல்லை நம்பி ஆய்வு செய்யப்போகும் மாணவரை நினைத்துப் பார்ப்பதில்லை.

விளைவைப் பாருங்கள். சொற்பட்டியலை நினைவில் வைக்கும் சோதனை ஒன்று. முதலில் வந்த 30 பேர் அமைதியான அறையில், அடுத்த 30 பேர் இரைச்சலில். ‘தற்செயலாகத்தானே அமைந்தது’ என்பார் மாணவர். ஆனால் பிந்தி வந்தவர்களில் பலர் கூடலூரிலிருந்து 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறி வந்தவர்கள். விடியலில் எழுந்து, கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி வந்தவருக்குச் சொற்கள் நினைவில் நிற்காதது இரைச்சலாலா, பயணத்தாலா? எந்தப் புள்ளியியல் சோதனையாலும் இதை அப்புறம் பிரித்தெடுக்க முடியாது.

பாடநூல் சொல்லான ‘சமவாய்ப்பு’ இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் குறையுண்டு: ஒரு குழுவில் 40 பேர், மற்றதில் 20 பேர் என்று பிரித்தாலும் அது ரேண்டம்தான், வாய்ப்பு சமமில்லை. இலங்கையின் ‘எழுமாற்று’ பிழையற்றது; இங்கே விளக்கினால்தான் புரியும்.

குலுக்கல் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஏலச்சீட்டிலும் பள்ளிச் சேர்க்கையிலும் எல்லோரும் அறிந்தது. உத்திரமேரூர்க் குடவோலையில் ஓலைகளைக் கலைத்து, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னது இதே நோக்கத்துக்காகத்தான். உளவியலில் அமெரிக்க ஆய்வாளர்கள் பியர்ஸும் ஜாஸ்ட்ரோவும் 1885இல் வெளியிட்ட எடை உணர்வு ஆய்விலும் வரிசையைத் தீர்மானித்தது கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டுதான். கணினி செய்தாலும் அது குலுக்கலே.

இரண்டு சொற்களாக வைத்துக்கொண்டால் இன்னொரு குழப்பமும் தீரும். மக்கள்தொகையிலிருந்து ஆள் எடுப்பது குலுக்கல் தேர்வு. எடுத்தவர்களைக் குழுக்களாக்குவது குலுக்கல் பிரிப்பு. ஒரே வகுப்பிலிருந்து விரும்பியவர்கள் மட்டும் வந்தால் முதலாவது கிடையாது, முடிவை எல்லாருக்கும் நீட்டக்கூடாது. இரண்டாவது இருந்தால், ‘இரைச்சலால்தான் குறைந்தது’ என்று காரணம் சொல்ல இடமுண்டு.

செய்வது எளிது. ஒரே தாளில் வெட்டி, ஒரே மாதிரி மடித்த 60 சீட்டு: 30 ‘அ’, 30 ‘ஆ’. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்பப் போடக்கூடாது. நாணயம் சுண்டினால் சரியாக 30க்கு 30 வருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு முறைதான். வருகை எண்ணில் ஒற்றை, இரட்டை பார்ப்பது குலுக்கலே அல்ல. அடுத்து யார் எந்தக் குழு என்று ஆய்வாளருக்கு முன்பே தெரிந்துவிடும். மழையில் வகுப்பு பாதியில் நிற்கும் மாதங்களில் நான்கு நான்கு சீட்டாக, இரண்டு ‘அ’ இரண்டு ‘ஆ’ என்று கட்டிக் குலுக்கினால், எங்கே நின்றாலும் குழுக்கள் ஏறத்தாழச் சமமாக இருக்கும்.

ஆய்வேட்டில் ‘குலுக்கல் முறையில் பிரித்தோம்’ என்பதோடு நிறுத்தக்கூடாது. எதைக் குலுக்கினீர்கள், எடுத்தது யார், எடுக்கும்போது அவருக்கு என்ன தெரியும் என்பதையும் எழுத வேண்டும்.