ஹொட் ரொட்: தமிழில் என்ன சொல்லலாம்?

"ரொட் சூடானா எஞ்சினே போயிடுமே தம்பி, அதை ஏன் வேணும்னு செய்யப் போறீங்க?"

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் நான் வழக்கமாக வண்டி விடும் கராஜில் பாஸ், அதாவது தலைமை மெக்கானிக், கேட்ட கேள்வி இது. என் பழைய மொரிஸ் மைனர் காரை ஹொட் ரொட் ஆக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் கேட்டதில் பிழையே இல்லை. கராஜ் பேச்சில் ரொட் என்றால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு. 'ரொட் தட்டுது' என்ற நிலை வந்துவிட்டால் எஞ்சினை இறக்க வேண்டியதுதான். அவருக்குப் புரியும்படி ஒரு தமிழ்ச்சொல் சொல்ல வாயெடுத்தேன், எதுவும் வரவில்லை. அன்றைக்குத் தொடங்கிய தேடல்தான் இது.

ஹொட் ரொட் என்பது ஒரு கார் வகையின் பெயர் இல்லை. பழைய காரொன்றை எடுத்து, வேகம் வேண்டி, எஞ்சினையும் உடலையும் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டினால் அந்த வண்டி ஹொட் ரொட். பொனட்டில் தீச்சுவாலை வரைந்த எந்தக் காரையும் அப்படிச் சொல்லும் பழக்கம் நம் ஊரிலும் வந்துவிட்டது. அது சரியில்லை. சுவாலை வெறும் பெயின்ட். ஹொட் ரொட்டின் உயிர் பொனட்டுக்கு அடியில் இருக்கிறது.

சொல் பிறந்த இடம் அமெரிக்காவின் தென் கலிபோர்னியா. அங்கே மியூரொக், எல் மிராஜ் என்று வறண்டுபோன ஏரிப் படுகைகள் உண்டு. மைல் கணக்கில் சமதரை. 1920களிலும் 30களிலும் இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்ட் கார்களை அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். ஃபோர்ட் மொடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட வண்டி, அதனால் பழையதுக்குப் பஞ்சமில்லை. மட்கார்டைக் கழற்றினார்கள், முன் கண்ணாடியைக் கழற்றினார்கள், பாரம் குறையக் குறைய வேகம் கூடியது. 1932இல் ஃபோர்ட் நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் வி8 எஞ்சின் வைத்த காரை விற்கத் தொடங்கியது. 65 குதிரைவலுதான், ஆனால் அந்த எஞ்சினைத் திறந்து மேலும் பிழிந்தெடுக்க முடிந்தது. இன்றைக்கும் ஹொட் ரொட் என்றதும் அமெரிக்கர்கள் மனதில் வருவது அந்த 1932 ஃபோர்ட்தான். கடைசி இலக்கம் இரண்டு என்பதால் சீட்டாட்டத்தில் இரண்டுக்குச் சொல்லும் பெயரை வைத்து 'டியூஸ்' என்று அழைத்தார்கள்.

அந்த வேளையில் ஹொட் ரொட் என்ற சொல் பரவியிருக்கவில்லை. முன்னே இருந்த பெயர்களில் ஒன்று 'கௌ ஜொப்'. கௌ என்பது அபினுக்கு வழங்கிய கொச்சைப் பெயர். 'ஹொப் அப்' என்றும் சொல்வார்கள், அந்த ஹொப்பும் அபின்தான். போதை ஏறிய ஆளைப் போல எஞ்சின் துள்ளுகிறது என்ற எண்ணம் இவற்றில் ஒளிந்திருக்கிறது. 'ஏற்றிவிடுதல்' என்ற இந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழுக்கு வரும்போது தேவைப்படும்.

ஹொட் ரொட் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் அதிகம் சொல்லப்படுகின்றன. 'ஹொட் ரோட்ஸ்டர்' என்பது சுருங்கி வந்தது என்பது ஒன்று. ரோட்ஸ்டர் என்றால் கூரையில்லாத இரண்டு இருக்கைக் கார், ஏரிப்படுகையில் ஓடியவற்றில் பெரும்பாலானவை அவைதான். மற்றது பாஸ் சொன்னதேதான்: எஞ்சினுக்குள் இருக்கும் தண்டிலிருந்து வந்த பெயர். எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. வாய்ப்பேச்சில் நீளமான சொல்லின் வாலை வெட்டுவது எல்லா மொழியிலும் நடப்பதுதானே. ஹொட் என்பதும் இங்கே சூடு இல்லை. துடிப்பு, வேகம் என்ற பொருள்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வாலிபர்கள் தெருவிலேயே பந்தயம் ஓட்ட, ஹொட் ரொட்டர் என்றால் அடங்காத பையன் என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. 1948 ஜனவரியில் அதே பெயரில் ஒரு சஞ்சிகை வந்தது. 1951இல் தேசிய ஹொட் ரொட் சங்கம் உருவாகி, பந்தயத்தைத் தெருவிலிருந்து பாதுகாப்பான ஓடுபாதைக்குக் கொண்டுபோனது. திட்டும் சொல்லாக இருந்ததை அவர்கள் பெருமையோடு சூடிக்கொண்டார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். நான் பல வருடங்களாகப் பழைய கார்ப் பைத்தியம். ஜாகுவார், போர்ஷ் என்று எங்கே நின்றாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். ஒரிஜினல் என்பதுதான் எனக்கு வேதம். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் மனசு கேட்காது. அப்படிப் பழைய வண்டியைப் பழையபடியே கொண்டுவருவதற்குத் தமிழில் நல்ல சொல் உண்டு: புதுக்குதல். கோயிலைப் புதுக்குவது போலத்தான் அதுவும், மூலவரைத் தொடக்கூடாது. ஹொட் ரொட் இதற்கு நேர் எதிர். மூலத்தில்தான் கை வைக்கிறோம்.

என் மனதை மாற்றியது மொரிஸ் மைனரின் பொனட். நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு பட்டையான தகடு ஓடும், பார்த்திருப்பீர்கள். அழகுக்காக வைத்தது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், செய்து முடித்த மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறது என்று பட்டதும் அதை நெடுக்காக நடுவில் அறுத்து, இரண்டு பாதியையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலக்கியதும் கண்ணுக்குச் சரியாகப் பட்டது. அந்த நாலு அங்குலத்தை நிரப்பத்தான் பொனட்டில் அந்தப் பட்டை. ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். நான் தொட்டும் தொடாமலும் பாதுகாத்த 'ஒரிஜினல்' தானே வெட்டி ஒட்டியதில் பிறந்தது என்று தெரிந்த அன்று, பொனட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அப்புறம் மலை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் இழுக்கும் காற்று குறைந்தால் வலுவும் குறையும். என்னுடையது 1960ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி, புதிதாக இருந்தபோதே 37 குதிரைவலு. ரம்பொடை ஏற்றத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் அது முனகும் சத்தம் கேட்டவருக்குத்தான் தெரியும். இப்போது உள்ளே இறங்கப் போவது 1171 சிசி டட்சன் எஞ்சின். மைனரை முதலில் சிலிண்டர்கள் படுக்கையாக இருக்கும் கிடை எஞ்சினுக்காகத் திட்டமிட்டதால் பொனட்டுக்கு அடியில் தாராளமான இடம் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்கு முன்னே பிரேக். முன் சில்லுகளுக்கு டிஸ்க் போட்டு முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று பாஸ் கறாராகச் சொல்லிவிட்டார். கலிபோர்னியாக்காரர்களும் 1939இலிருந்து ஃபோர்டுக்கு வந்த எண்ணெய் பிரேக்கை எடுத்துத் தங்கள் பழைய வண்டிகளுக்குப் பூட்டினார்கள். ஏறும் வேகத்தைவிட இறங்கும்போது நிற்பதுதான் மலைநாட்டில் பெரிது. எஞ்சின் மாறினால் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் மாற வேண்டும், அதையும் மறக்கக்கூடாது.

நம் மலைக்கு இந்த ஆசை புதிதும் இல்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1930களிலேயே தொடங்கியது. ஏப்ரல் சீசனில் அந்த வளைவுகளில் எழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் எஞ்சின் மாற்றிய எல்லாமே ஹொட் ரொட் ஆகிவிடாது. வில்லிஸ் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் வைப்பது எண்ணெய்ச் செலவுக்காக. வேகம் அதன் நோக்கம் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சூட்டுத் தண்டு' என்று யாராவது எழுதினால் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அதில் சூடும் தவறு, தண்டும் தவறு. 'வேகவண்டி' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கம்பனியிலிருந்தே வேகமாக வரும் ஃபெராரியும் வேகவண்டிதான். ஒருவர் கைபட்டு வேகமானது என்ற பொருள் அதில் விடுபட்டுப் போகிறது. 'முறுக்கேற்றிய வண்டி' நல்ல தமிழ். அபின் காலத்து 'ஏற்றிவிடுதல்' இதில் அப்படியே இருக்கிறது. பேச்சில் 'உசுப்பேத்தின வண்டி' என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இரண்டுமே தொடர்கள், ஒரே சொல்லாக நிற்கவில்லை என்பதுதான் குறை.

எனக்குப் பிடித்தது முடுகு என்ற வேர். முடுகுதல் என்றால் விரைதல். தொல்காப்பியம் சொல்லும் இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், கடைசி முடுகுவண்ணம், அடி கடந்து விரைந்தோடும் ஓசை அது. இலங்கையில் படித்தவர்களுக்கு இந்த வேர் இன்னும் நெருக்கம். விஞ்ஞானப் பாடத்தில் நாம் ஆர்முடுகல், அமர்முடுகல் என்றுதானே படித்தோம்? வேகம் கூடுவது ஆர்முடுகல், குறைவது அமர்முடுகல். பேருந்து, மகிழுந்து என்று உந்து ஏற்கெனவே இருக்கிறது. முடுகும் உந்து முடுகுந்து. குற்றியலுகரம் கெட்டுப் புணர்வதால் இலக்கணமும் சரியாக வருகிறது. எழுத்தில் ஹொட் ரொட்டுக்கு முடுகுந்து என்றும், அந்த வேலைக்கு முடுக்குதல் என்றும் எழுதலாம் என்பது என் முடிவு. முடுகுதல் தானாக விரைவது, முடுக்குதல் பிறர் விரையச் செய்வது. வண்டிக்கும் அதைக் கட்டுகிறவருக்கும் இப்படி ஒரே வேரில் சொல் கிடைப்பது நம் மொழியின் வசதி.

துணைச் சொற்கள் சில. கூரைத் தூண்களை அறுத்துக் கூரையைக் கீழே இறக்குவதைக் 'கூரை தாழ்த்தல்' என்றாலே போதும். வேண்டுமென்றே துருவும் ஒட்டும் தெரிய விடும் 'ரெட் ரொட்' (ரெட் என்றால் இங்கே எலி) வகைக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை.

பாஸ் என்ற சொல்லையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் விட்டுப்போன 'பாஸ்' அது, தலைமைக் கைவினைஞர் என்று பொருள். ஆங்கிலத்தின் 'பொஸ்' அதே ஒல்லாந்துச் சொல்லிலிருந்து அமெரிக்கா வழியாகப் போனதுதான். அங்கே முதலாளியைக் குறிக்கிறது, நம்மிடம் இன்னும் கையில் எண்ணெய் படிந்தவரையே குறிக்கிறது.

அவரிடம் முடுகுந்து என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு முறை வாய்க்குள் உருட்டிவிட்டு, "வண்டியை முடுக்கணும், அவ்வளவுதானே தம்பி?" என்றார். போன வாரம் டிஸ்க் பிரேக் பூட்டி முடித்த கணக்குச் சீட்டைத் தந்தார். மேலே பென்சிலால் எழுதியிருந்தது: மொரிஸ், முடுக்கும் வேலை, முதல் பங்கு.