வீட்டு இன்சூரன்ஸில் பணத்தைக் குறைத்துக் கொடுத்தால் என்ன செய்வது?

வெள்ளத்தில் கெட்ட வீட்டைச் சரிசெய்ய ஆறு லட்சம் ஆகும் என்று கேட்டிருப்பீர்கள். கம்பெனி ஒன்றரை லட்சத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, கிளெய்ம் முடிந்தது என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். கிளெய்மை அடியோடு மறுத்திருந்தால் சண்டைக்குப் போயிருக்கும் ஆள்கூட, இவ்வளவாவது வந்ததே என்று அடங்கிவிடுகிறார். கம்பெனிக்கும் அதுதான் வசதி. ஆனால் மறுத்த கிளெய்முக்கு என்ன வழிகள் உண்டோ, குறைத்த கிளெய்முக்கும் அத்தனையும் உண்டு.

பணம் தருவதற்கு முன் ஒரு டிஸ்சார்ஜ் வவுச்சரை நீட்டுவார்கள். 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் அச்சடித்திருக்கும். கையெழுத்துப் போட்டவரிடம் அப்புறம் பேசவே மாட்டார்கள். 'நீங்கதான் சார் ஒத்துக்கிட்டீங்க' என்பார்கள். அது பொய். வவுச்சரில் கையெழுத்திட்டாலும் கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் உரிமை போகாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இருந்தாலும் எதற்கு வம்பு? கையெழுத்துக்கு மேலே 'எதிர்ப்புடன் பெறுகிறேன், மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று உங்கள் கையால் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கேட்காமலே பணம் கணக்குக்கு வந்துவிட்டால், அன்றைக்கே இதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயரின் அறிக்கை. இது இல்லாமல் சண்டை போடுவது இருட்டில் கம்பு சுற்றுவது மாதிரி. கிளையில் கேட்டால் 'அது உள் ஆவணம், தர மாட்டோம்' என்பார்கள். எழுத்தில் கேட்டால் நகல் தர வேண்டும் என்பது விதி. வாயால் கேட்காதீர்கள், வாயால் கேட்டதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சர்வேயர் சொன்னதே முடிவு என்றும் சொல்லிப் பார்ப்பார்கள். சர்வேயர் அறிக்கை இறுதி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது.

அறிக்கை கைக்கு வந்ததும் கழிவுகளை, அதாவது எதற்கெல்லாம் தொகையைக் குறைத்திருக்கிறார்கள் என்பதை, பாருங்கள். ஊழல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பணம் கரைவது இங்கேதான். முதலாவது, வீட்டின் மதிப்புக்குக் குறைவாகக் காப்பீடு எடுத்ததாகச் சொல்லி விகிதப்படி வெட்டுவது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் இந்த வெட்டு கிடையாது. நீங்கள் விண்ணப்பத்தில் பரப்பளவைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, 'பழைய ஈரக்கசிவு, வெள்ளத்தால் வந்ததல்ல' என்ற ஒற்றை வரி. இதை உடைக்க மழைக்கு முந்தைய படங்கள் தேவை. பண்டிகைக்கு எடுத்த குடும்பப் படத்தில் பின்னால் தெரியும் சுவர்கூடச் சாட்சிதான். மூன்றாவது, விட்டுப்போன இனங்கள். அதே பாலிசியில் இடிபாட்டை அகற்றும் செலவு கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர் கட்டணம் 5 சதவீதம் வரையும் உண்டு. நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். எந்தக் கழிவானாலும் ஒரே கேள்வி: பாலிசியின் எந்த விதிப்படி? கூடவே ஒரு சிவில் இன்ஜினியரிடம் வேலைவாரியாக, அளவுகளோடு எஸ்டிமேட் வாங்கி இணையுங்கள். 'மொத்தம் ஆறு லட்சம்' என்று ஒரு வரியில் மேஸ்திரி எழுதித் தரும் துண்டுச்சீட்டு எங்கேயும் நிற்காது.

இவற்றை வைத்து கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஏஜென்டுக்கு அல்ல, கிளை மேலாளருக்கும் அல்ல. ஏஜென்ட் 'நான் பேசி முடிச்சுத் தர்றேன்' என்று மாதக்கணக்கில் இழுப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவருக்குச் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாகாது. எவ்வளவு குறைகிறது, என்ன வேண்டும், தாமதத்துக்கு வட்டி உட்பட, தொகையாக எழுதுங்கள்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 எண்ணிலோ புகார் பதியலாம், தவறில்லை. ஆனால் அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. புகார் அதே கம்பெனிக்குத்தான் போகும். கம்பெனி பழைய பதிலையே ஒட்டிவிட்டு மூடிவிடும். 'மேலிடத்தில் புகார் செய்தேன், அதுவும் முடிந்துவிட்டது' என்று மனம் விடுபவர்கள் பலர். உண்மையான மேலிடம் அடுத்ததுதான்.

கம்பெனி மறுத்தாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, இணையத்திலும் பதியலாம். கட்டணம் இல்லை. வக்கீலுக்கு இடமே இல்லை, நீங்களேதான் பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை தர உத்தரவிடலாம். கெடு ஓராண்டு. கம்பெனியின் பதில் வந்த நாளிலிருந்தோ, பதில் வராமல் அந்த ஒரு மாதம் முடிந்த நாளிலிருந்தோ அது ஓடத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு நினைவூட்டல் மேல் நினைவூட்டல் போட்டுக்கொண்டிருந்தால் கெடு நீளும் என்று நினைக்காதீர்கள். 'மறுபரிசீலனையில் இருக்கிறது' என்று வரும் பதில்களை நம்பி ஓராண்டைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: இதே விஷயத்தில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் கதவு மூடிவிடும். ஆகவே முதலில் இங்கே, பிறகு அங்கே.

விசாரணையில் சமரசம் பேசுவார்கள். கம்பெனி ஒரு தொகையை ஏற்றிச் சொல்லும். அந்த அறையில், அந்த நிமிடத்தில் தலையாட்டிவிடாதீர்கள். சமரசப் பரிந்துரையை ஏற்றுக்கொண்டால் அதுவே முழு இறுதித் தீர்வு. ஏற்பதைத் தெரிவிக்க 15 நாள் அவகாசம் உண்டு. வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்கள். சமரசம் இல்லையென்றால் தீர்ப்பு வரும். அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களைக் கட்டுப்படுத்தாது; பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் போகலாம்.

அங்கே கெடு இரண்டு ஆண்டு. ஆம்புட்ஸ்மேனிடம் காத்திருந்த காலம் தானாகக் கழியும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை, கட்டிய பிரீமியம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே சாதாரண வீட்டுப் பாலிசிக்கு மாவட்ட ஆணையமே போதும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனியின் தலைமையகம் மும்பையில் என்று பயமுறுத்தினால் கண்டுகொள்ள வேண்டாம்.

வீட்டுக் கடன் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடனோடு சேர்த்து வங்கி எடுத்துக்கொடுத்த பாலிசியில் பெரும்பாலும் பணம் வங்கிக்குத்தான் போகும். நீங்கள் போராடி வாங்கும் மீதித் தொகையும் பேசாமல் கடன் கணக்கில் வரவாகிவிடும், உடைந்த சுவர் அப்படியே நிற்கும். ஆம்புட்ஸ்மேனிடம் போகும்போதே வங்கிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பழுதுபார்ப்புக்குத் தொகையை விடுவிப்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.