பாவித்த சுவிட்சில் எது தேயும்?

கிளிநொச்சியில் கிரவல் ஒழுங்கையை ஒட்டிய ஒரு கணினி அறையில் நாலு வருடம் ஓடிய, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றின் விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். இறக்கைகளில் செம்மண் தூசி பசைபோல் அப்பியிருந்தது. விரலால் சுற்றினால் கரகரத்தது. ஆனால் அதே பெட்டிக்குள், பொதிகளை, அதாவது துண்டு துண்டாக வரும் தரவை, பிரித்தனுப்பும் பெரிய சிப்புக்கு ஒரு குறையும் இல்லை. டேட்டா சென்டருக்குப் புதுப்பித்த சுவிட்ச் தேடுகிறவர்கள் இதைத்தான் முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

பொதி உள்ளே வந்ததும் அந்தச் சிப், போகவேண்டிய முகவரியை வாசித்து, அட்டவணையில் தேடி, உரிய போர்ட்டால் (கேபிள் செருகும் வாயால்) வெளியே தள்ளுகிறது. மிகச் சிறிய பொதிகளாக வந்தால் ஒரு 10 கிகாபிட் போர்ட்டில் மட்டும் நொடிக்கு ஒரு கோடியே 48 லட்சத்துக்கு மேல். அசையும் பாகம் எதுவும் அதில் இல்லை. எனவே எளிதில் தேயாது.

விற்பவர் சொல்லும் வேகத்தைப் பிரித்துப் பாருங்கள். 10 கிகாபிட் போர்ட் 48, 40 கிகாபிட் போர்ட் 6 உள்ள பெட்டியை 1.44 டெராபிட் என்பார்கள். போவதையும் வருவதையும் சேர்த்த கணக்கு அது. ஒரு திசைக்கு மட்டும் பார்த்தால் சர்வர்கள் பக்கம் 480 கிகாபிட், மற்ற சுவிட்சுகளுக்கு மேலே போகும் வழி 240. இரணைமடுக் குளம் நிறைந்து நின்றாலும் துருசு திறந்த அளவுக்குத்தானே வயலுக்குத் தண்ணீர் போகும்?

தேய்வது விசிறி, பவர் சப்ளையின் கெப்பாசிட்டர், போர்ட்டில் செருகித் தரவை ஒளியாக்கி அனுப்பும் பைபர் மொடியூலின் லேசர். கெப்பாசிட்டருக்கு வெப்பம்தான் எமன்: 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கணக்கு. மின்வெட்டில் ஏசி நின்று, யூபிஎஸ்ஸில் சுவிட்ச் மட்டும் ஓடும் வன்னி வெயில் மதியத்தை நினைத்துப் பாருங்கள்.

அதனால் காற்றுத் திசையை நான் விலைக்கு முன்பே கேட்பேன். சில பெட்டிகள் போர்ட் பக்கத்தால் காற்றை இழுக்கும், சில அந்தப் பக்கத்தால் வெளியே தள்ளும். சர்வர்கள் சூடு தள்ளும் பின்பக்கமாகப் போர்ட்டுகளை வைப்பதென்றால் தள்ளும் வகைதான் வேண்டும். மாறிப் பூட்டினால் சர்வர்கள் கக்கும் சூட்டையே சுவிட்ச் குடிக்கும். விசிறியும் பவர் சப்ளையும் ஒரே திசையா என்றும் பாருங்கள். புதுப்பிக்கும்போது கலந்து மாட்டிவிட இடமுண்டு.

உள்ளிருக்கும் கட்டுப்பாட்டு சிப்பையும் விசாரியுங்கள். இன்டெல்லின் ஆட்டம் சி2000 வகையில் கடிகாரத் துடிப்பு தரும் பகுதி காலப்போக்கில் கெட்டு, பெட்டி எழும்பாமலே போகும் பிழை 2017இல் வெளிவந்தது. பிறகு திருத்திய சிப் வந்தது. பழைய சரக்கில் எது இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். மற்ற நிறுவன மொடியூலை ஏற்குமா, மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

காசு கொடுக்கும் முன் போர்ட்டுகளைப் பைபரால் இரண்டிரண்டாக இணைத்து, கெட்டு வரும் பொதிகளைக் கணக்கிடும் பிழை எண்ணியைப் பூச்சியமாக்கி, ஒரு முழு நாள் தரவை ஓடவிடுங்கள். எண் ஏறினால் உடனே போர்ட்டைப் பழி சொல்லாமல், பைபர் நுனியைத் துடைத்து மறுபடி ஓட்டுங்கள். எங்கள் தூசியில் பல நேரம் குற்றம் அந்த நுனியில்தான்.