அடிபட்ட பருந்தைத் தூக்கினால் கேஸ் வருமா?

ஆகஸ்ட் 15 நெருங்கினால் டில்லி மொட்டை மாடிகளெல்லாம் பட்டம்தான். மாஞ்சா நூலில் சிறகு அறுபட்டுப் பருந்துகள் விழுவதும் அப்போதுதான். 2017-இல் டில்லி அரசும் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் நைலான் மாஞ்சாவுக்குத் தடை போட்டன, விற்பனை நின்றபாடில்லை. கரோல் பாக், மயூர் விஹார் பக்கத்து நம் தமிழர்கள் பறவையைப் பார்த்ததும் தயங்குவது கேஸுக்குப் பயந்துதான்.

தூக்கி உதவியதற்காகக் கேஸ் வராது, சொல்லாமல் வைத்துக்கொண்டால் வரலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 39-இன்படி காட்டுயிர் அரசின் சொத்து. எப்படிக் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். தேதி, நேரம் போட்டு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூண்டில் வளர்க்கும் பச்சைக்கிளிக்கும் இந்தச் சட்டம் உண்டு.

அதுவரை காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, இருட்டான இடம் போதும். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தயிர் சாதமும் வேண்டாம் (கறி தின்னும் பறவை அது!). சதைக்குள் சிக்கிய நூலை இழுக்காமல், தொங்குவதை மட்டும் கத்தரியுங்கள். இறகு முளைத்துத் தத்தி நடக்கும் குஞ்சுக்குக் காயம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

வைத்தியம் பார்ப்பவர்களிடையே ஒரே கருத்து கிடையாது. செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயில் வளாகத்தில் இருக்கும் பறவை மருத்துவமனை, கறி தின்னும் பறவைக்கு மருந்து போட்டு அனுப்பிவிடும், உள்நோயாளியாகச் சேர்ப்பதில்லை. வஜீராபாதின் நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் சகோதரர்கள் பருந்துகளுக்குச் சிகிச்சை தர இறங்கியது அதனால்தான். 'டில்லியில் பருந்துக்கா பஞ்சம்? ஒவ்வொன்றாகத் தைப்பதற்குப் பதில் மாஞ்சாக் கடையை மூடுங்கள்' என்பது இன்னொரு கட்சி. கடையை மூடத்தான் வேண்டும். ஆனால் நம் நூல் அறுத்த சிறகை இயற்கையின் போக்கு என்று விட எனக்கு மனம் வரவில்லை.

தசைநார் அறுந்து இனிப் பறக்கவே முடியாத பறவை விஷயத்தில்தான் சண்டை பெரிது. தேறவே முடியாத காட்டுயிரைக் கொல்ல, காரணத்தை எழுதித் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதிக்கலாம் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 11. அனுமதிக்கலாம், அவ்வளவுதான், கட்டாயமில்லை. ஆகவே ஒருவர் ஊசி போட்டு வலியை முடிக்கச் சொல்வார், இன்னொருவர் ஆயுள் முழுக்க வைத்துக் காப்பாற்றலாம் என்பார். தூக்கிக்கொண்டு போனவருக்கு அதில் ஓட்டு இல்லை. பறவை என்ன ஆயிற்று என்று போன் போட்டுக் கேட்கலாம். கேளுங்கள்.